லீடர் போடுவதற்கு முன்னால்: ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

வேலையில் சேர்ந்த முதல் நாள், வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்த கையோடு தலைமையாசிரியர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "முதல்ல ஒரு லீடரைப் போட்டுருங்க டீச்சர்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் போட்டேன். இரண்டாம் வகுப்பு, 26 பிள்ளைகள். அதில் உயரமான, சத்தமாக வாசிக்கிற, வீட்டுப்பாடம் தவறாத ஒரு பையன். நான் அலுவலக அறைக்குப் போகும்போதெல்லாம் அவன் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எல்லோருக்கும் தெரிந்த பட்டியல்தான். நம் பெயரும் ஒரு காலத்தில் அதில் இருந்திருக்கும்.

மூன்று மாதம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒரு சிறுமி, தன் தட்டில் விழுந்த முட்டையை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த லீடரின் தட்டில் வைத்தாள். அவனும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிட்டான்.

"முட்டை பிடிக்காதா கண்ணு?"

"பிடிக்கும் டீச்சர்."

"அப்புறம் ஏன் குடுத்தே?"

"பேர் எழுத மாட்டான்."

விசாரித்தால், வாரக்கணக்காக நடந்திருக்கிறது. இவளிடம் முட்டை, ஒருவனிடம் சிலேட்டுக் குச்சி, இன்னொருத்தியிடம் புளிப்பு மிட்டாய். ஏழு வயதில் கச்சிதமான ஒரு மாமூல் ஏற்பாடு! அந்தப் பையன் கெட்டவன் இல்லை. இன்றைக்கும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவான். நான் அவன் கையில் கொடுத்த வேலை அப்படிப்பட்டது. அதிகாரம் என்றால் அடுத்தவரை மாட்டிவிடும் உரிமை என்பதை அவனும், அதை முட்டை கொடுத்துச் சமாளிக்கலாம் என்பதை அவளும், என் வகுப்பில்தான் கற்றுக்கொண்டார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம், ஆனால் தினமும் நடந்த பாடம்.

அதற்குப் பிறகு நான் செய்து பார்த்தவற்றில் எது நின்றதோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கானது இது. ஆறாம் வகுப்புக்கு இதையே அப்படியே கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

ஒரு சின்னக் கிளைக்கதை. லீடர் என்ற இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை அதற்கு முன்பே இருந்தான். பெரிய பையன் சின்னப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான், வாத்தியார் இல்லாதபோது பார்த்துக்கொள்வான். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதையே செய்ய நினைத்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

நமக்கு வேண்டியது அந்தச் சொல்லின் கதை. தமிழில் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்றால் இப்போது என்ன பொருள்? கேட்காமலே அடுத்தவர் மேல் அதிகாரம் செய்வது. மலையாளத்தில் இன்னும் மோசம், 'சட்டம்பி' என்றாலே ரவுடி. ஆனால் கேரளத்தின் சீர்திருத்தவாதி சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் வந்தது, படிக்கிற காலத்தில் வகுப்பின் சட்டம்பியாக இருந்ததால்தான். ஒரே வேலையிலிருந்து ஒரு மகானும் வந்திருக்கிறார், ரவுடி என்ற சொல்லும் வந்திருக்கிறது. சொல்லிக்கொடுப்பவனாக இருந்தவன் எப்போது அடக்குபவனாக மாறினான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம்.

முதல் படி: ஒரு வாரம் யாரையும் எதற்கும் போடாதீர்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்லா வேலையையும் நீங்களே செய்யுங்கள். நோட்டுக் கொடுப்பது, பலகை துடைப்பது, வரிசை விடுவது எல்லாம். இடுப்பு ஒடியும். ஆனால் அந்த ஒரு வாரத்தில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, வகுப்பறையைவிட மைதானத்தில் அதிகம்.

'சாட் பூட் த்ரீ' போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். யார் அவுட் என்று அறிவிப்பது யார்? ஒருவன் கள்ளாட்டம் ஆடினால், மற்றவர்கள் உடனே யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்தான் வகுப்பின் நிஜ லீடர், நீங்கள் யாரைப் போட்டாலும் சரி.

அடுத்து, ஒப்புக்குச் சப்பாணி யார்? சின்னத் தம்பியையோ ஓட முடியாத பிள்ளையையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, ஆனால் அவுட் கணக்கில் சேர்க்காமல் விடும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது பிள்ளைகள்தான். அதில் ஒரு கருணை இருக்கிறது. ஆனால் தினமும் ஒரே பிள்ளை ஒப்புக்குச் சப்பாணி என்றால் அது கருணை இல்லை. பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இரண்டு பேர் காய் விட்டுக்கொண்டால், நடுவில் ஒரு பிள்ளை அங்கும் இங்கும் ஓடும். "அவ பழம் விடுறாளாம், நீ விடுறியா?" என்று கேட்கும். நான் பார்த்தவரை இது முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையாக இருப்பதே இல்லை. பெரும்பாலும் கடைசி வரிசையில், நாம் பெயரையே சரியாக நினைவு வைக்காத பிள்ளை. வகுப்பின் சமாதானம் அதன் காலடியில்தான் நடக்கிறது, நம்மிடம் யாரும் சொல்வதில்லை.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேவை ஆசிரியர் பயிற்சித் தேர்வுக்காக எல்லோரும் படித்திருப்பீர்கள். அவர் சுவிட்சர்லாந்தில் கோலி ஆடும் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தவர். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்றால் பெரியவர்கள் வைத்தது, மாற்றக்கூடாதது. கொஞ்சம் வளர்ந்த பிறகுதான், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று புரிகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு லீடர் எழுதிய பெயர் ஏன் அவ்வளவு பயமாக இருக்கிறது என்பது இதில் கொஞ்சம் விளங்கும். அது சக பையன் எழுதியது இல்லை, டீச்சரின் கை எழுதியது.

இரண்டாம் படி: லீடர் வேலையைப் பிரித்துப் போடுங்கள்

லீடர் என்னவெல்லாம் செய்கிறான் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சாக்பீஸ் கொண்டுவருவான். நோட்டு அடுக்குவான், கொடுப்பான். வரிசையில் முன்னால் நிற்பான். இவையெல்லாம் வேலை. அப்புறம் பேசியவர்களைக் கவனிப்பான், பெயர் எழுதுவான், சில வகுப்புகளில் ஸ்கேலையும் கையில் வைத்திருப்பான். இது போலீஸ். வேலையை வைத்துக்கொள்ளுங்கள், போலீஸை மொத்தமாக எடுத்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆம் பிரிவின்படி பிள்ளையை அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் நமக்கே தடை. நமக்கு இல்லாத அதிகாரத்தை ஏழு வயதுப் பையனுக்கு எப்படிக் கொடுக்க முடியும்?

"அப்படின்னா பிள்ளைங்க எதையுமே வந்து சொல்லக்கூடாதா?" என்று ஒரு புது டீச்சர் என்னிடம் கேட்டார். சொல்ல வேண்டும். கோள் சொல்வதும் ஆபத்தைச் சொல்வதும் வேறு. நான் பிள்ளைகளிடம் சொல்வது: "யாருக்காவது அடிபடும்னா, யாராவது அழறாங்கன்னா ஓடி வந்து சொல்லு. ஒருத்தரை மாட்டிவிடணும்னு தோணுச்சுன்னா, கொஞ்சம் நின்னு தண்ணி குடிச்சிட்டு வா." தண்ணீர் குடித்துவிட்டு வருபவர்களில் பாதிப் பேர் என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

மீதி வேலையைச் சில்லறையாக மாற்றுங்கள். பலகை துடைப்பது, நோட்டுக் கொடுப்பது, கதைப்புத்தகப் பெட்டி, செடிக்குத் தண்ணீர், குழாயை இறுக்கி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது, காலை உணவு முடிந்ததும் தட்டுகளை எண்ணி அடுக்குவது, வாசலில் செருப்பு வரிசை, மணி. இவற்றோடு நான் சேர்த்த இரண்டு வேலைகள்: நேற்று வராத பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்பவர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குக் கழிப்பறையும் குடிநீரும் காட்டுபவர். இந்த இரண்டும் வந்த பிறகுதான் விடுப்பு எடுத்த பிள்ளைகள் மறுநாள் மூலையில் உட்காராமல் நேராக வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே சோதனைதான். அந்தப் பிள்ளை செய்யவில்லை என்றால் நிஜமாகவே ஏதாவது நின்றுபோகுமா? செடி வாடும், நோட்டு வராது. அப்படி எதுவும் நிற்காது என்றால், நீங்கள் கொடுத்திருப்பது ஒப்புக்குச் சப்பாணி வேலை. பிள்ளைகள் அதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருமுறை 'ஒழுக்க அமைச்சர்' என்று ஒரு பதவி வைத்தேன். அந்தப் பிள்ளை மூன்றாம் நாள் வந்து, "டீச்சர், இதுல நான் என்ன செய்யணும்?" என்றது. என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் படி: இரண்டு இரண்டு பேராக, வாரம் ஒருமுறை

பழைய காலண்டர் அட்டை ஒன்று, துணி உலர்த்தும் கிளிப் பிள்ளைக்கு ஒன்று. அட்டையில் வேலையின் படம், கிளிப்பில் பெயர். திங்கட்கிழமை காலை கிளிப் ஓர் இடம் நகரும். அவ்வளவுதான் கருவி. நாள்தோறும் மாற்றிப் பார்த்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வேலையைப் பழகுவதற்குள் பறிபோனது. மாதக்கணக்கில் விட்டால் 'என் குழாய், என் மணி' என்று பட்டா போட்டுக்கொள்கிறார்கள். வாரம்தான் சரியாக இருக்கிறது.

ஜப்பானில் தொடக்கப்பள்ளிகளில் இந்த விஷயத்தை வெகு சாதாரணமாகச் செய்கிறார்கள். 'நிச்சோகு' என்ற நாள்பொறுப்பு வரிசையாக எல்லோருக்கும் வரும். வகுப்பைத் தொடங்கி வைப்பது, அறிவிப்புச் சொல்வது எல்லாம் அன்றைய பிள்ளையின் வேலை. மதிய உணவை வெள்ளை அங்கி போட்டுப் பரிமாறுவதும் பிள்ளைகளே, முறை வைத்து. தேர்தல் கிடையாது, தகுதி கிடையாது. நன்றாகப் படித்ததற்குப் பரிசாகவும் அந்த முறை வராது, குறும்பு செய்ததற்காகப் பறிபோகவும் செய்யாது. இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். "சேட்டை பண்ணினே, இந்த வாரம் உனக்கு மணி கிடையாது" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போச்சு. பதவி மறுபடி உங்கள் கையிலிருந்து விழும் சலுகையாகிவிடும், சிலேட்டுக் குச்சி வியாபாரம் மறுபடி தொடங்கும்.

ஏன் இரண்டு பேர்? ஒரு வாளியை இரண்டு பேர் தூக்கினால் தண்ணீர் சிந்தும், சண்டை வரும். வரட்டும். அதற்காகத்தான். ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் வாளி நகரும் என்பது வேறெந்த வழியிலும் அந்த வயதில் புரியாது. ஜோடியை நீங்கள் சேர்க்காதீர்கள். பதிவேட்டு வரிசைப்படி வரட்டும், அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தவிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேலை மாறும்போது பழையவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வைத்துவிடுங்கள். மலர் என்ற மேல்நிலையில் இருக்கும் பிள்ளை, அரும்பு என்ற தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைக்குச் செடி காட்டும், சில வாரம் அரும்பு மலருக்கும் காட்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. இடையில் கொடைக்கானலில் இருந்தபோது பல வயதுப் பிள்ளைகள் கலந்து படிப்பதை மிக நெருக்கமாகக் கவனித்தவர் அவர். நமக்கு ஆள் பற்றாக்குறையால் வந்தது, அவருக்குக் கொள்கையாகவே இருந்தது!

நான்காம் படி: கேட்கலாம், தொடக்கூடாது

வேலை கொடுத்தாயிற்று. இனி அந்த வேலையின் எல்லையைச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரே விதி: கேட்கலாம், தொடக்கூடாது. செருப்பு வரிசைக்காரர் "செருப்பைத் திருப்பி வைக்கிறியா?" என்று கேட்கலாம். சட்டையைப் பிடித்து இழுக்கக்கூடாது, செருப்பைத் தூக்கி எறியக்கூடாது. கேட்டும் செய்யவில்லை என்றால்? அவர்களே திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். அல்லது வெள்ளிக்கிழமை சொல்லலாம்.

இதை வாயால் சொன்னால் போதாது, நடித்துக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளையை டீச்சராக நிற்கவைத்து "இப்ப நீதான் டீச்சர், எல்லாரையும் உட்கார வை" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்களுக்கே தெரியாத உங்கள் குரல் வெளியே வரும். என் வகுப்பில் ஒரு குட்டி இடுப்பில் கைவைத்து, கண்ணாடி இல்லாத மூக்கில் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, "எத்தனை தடவை சொல்றது, காது என்ன வாடகைக்கா விட்டிருக்கு?" என்றது. வகுப்பே சிரித்தது. அந்த வாக்கியத்தை நான் அன்றோடு விட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் வட்டமாக உட்காருங்கள், நீங்களும் தரையில். இரண்டே கேள்வி. இந்த வாரம் யார் உனக்கு உதவி செய்தார்கள்? எந்த வேலையில் பிரச்சினை வந்தது? இரண்டாவது கேள்வியில் ஆள் பெயரைச் சொல்லாமல் வேலையின் பெயரைச் சொல்லப் பழக்குங்கள். 'அவன் தண்ணி தரல' என்பது 'தண்ணி கடைசி வரிசைக்கு வரல' என்று மாறுவதற்கு எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. மாறிய பிறகு பேச்சே வேறு மாதிரி போனது. யாரைத் திட்டுவது என்பது போய், வாளியை எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்தார்கள்.

சத்தம்

புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான். பெயர் எழுத ஆள் இல்லையென்றால் நான் வெளியே போகும்போது வகுப்பு என்ன ஆகும்? சத்தம் போடும். ஈராசிரியர் பள்ளியில், பள்ளி விவரங்களுக்கான அரசு இணையதளமான எமிஸில் பதிவேற்ற நெட்வொர்க் தேடிக் கொல்லைப்புறம் போய் வருவதற்குள் கூரை பறக்கும். அதற்குச் சாக்பீஸ் மருந்தில்லை. போவதற்கு முன் கையில் வேலை கொடுத்துவிட்டுப் போங்கள், கதவைத் திறந்து வையுங்கள், திரும்பி வந்ததும் கத்தாமல் கைதட்டலில் ஒரு தாளம் போடுங்கள், அவர்கள் பதில் தாளம் போடட்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் 26 பேர் இருக்கும் அறையில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். வராண்டாவில் போகும் அதிகாரி என்ன நினைப்பார் என்பது வேறு கவலை, அதைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டாம்.

ஐந்தாம் படி: காய், பழம், ஒரு பாய்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். தீபாவளி விடுமுறை முடிந்து வந்த பிறகு தொடங்கினாலே போதும்.

பிள்ளைகளிடம் சண்டை தீர்க்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. காய் விடுகிறார்கள், பழம் விடுகிறார்கள். சில ஊரில் 'டூ', 'சேக்கா'. எந்த விரல் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், காய் என்பது முடிந்துபோன விஷயம் இல்லை. காய் பழுக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். நாம்தான் அந்த நேரத்தைக் கொடுக்காமல் "சாரி சொல்லு, கை குடு" என்று இருவர் கையையும் பிடித்து இணைத்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புகிறோம். வாய் சாரி சொல்லும், மேசைக்கு அடியில் கால் உதைக்கும்.

வகுப்பின் ஒரு மூலையிலோ வேப்பமரத்தடியிலோ ஒரு கோரைப்பாய் போடுங்கள். சண்டை வந்தால் இருவரும் அங்கே. தண்டனைக்கான இடம் இல்லை அது, யாரையும் தனியாக அங்கே அனுப்பாதீர்கள். முதல் சில வாரம் நீங்கள் கூட உட்காருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். என்ன நடந்துச்சு? அவ சொன்னதை நீ ஒருமுறை சொல்லு பார்ப்போம். இப்ப என்ன செய்யலாம்?

நடுக்கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் வாசனை ரப்பருக்காக இரண்டு பேர் பாய்க்கு வந்தார்கள்.

"என் ரப்பரை எடுத்துக்கிட்டா."

"எடுக்கல, கீழ கிடந்துச்சு."

"சரி, அவ என்ன சொன்னா? நீ சொல்லு."

"கீழ கிடந்துச்சுன்னு சொல்றா. பொய்."

"பொய்யா இல்லையான்னு கேக்கல. என்ன சொன்னா?"

"…கீழ கிடந்துச்சாம்."

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அவ என் பக்கத்துல உட்காரணும். நேத்துலேருந்து அந்தப் பக்கம் போயிட்டா." ரப்பர் அதற்குள் யார் கையில் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அவர்களுக்கும் இருந்திருக்காது.

பொங்கலுக்குப் பிறகு 'பாய்க்காரர்' என்ற வேலையைக் கிளிப் அட்டையில் சேர்க்கலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். அவர்களைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளைகள், சண்டை போட்ட இருவரையும் பாய்வரை கூட்டிக்கொண்டு போனால் போதும். பாய்க்காரர் மூன்று கேள்வியையும் கேட்கலாம். யார் மேல் தப்பு என்று சொல்லக்கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். என் முதல் பாய்க்காரன் கைக்குட்டையைத் தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, "நீ பத்துத் தோப்புக்கரணம் போடு, நீ அஞ்சு போடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். சமாதானம் என்றால் நம் ஊரில் பிள்ளைகள் பார்த்திருப்பது நாட்டாமையைத்தான், பாவம். அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. முதல் படியில் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தோமே, அங்கும் இங்கும் ஓடும் பிள்ளை, அதன் முறை வரும்போது மற்றவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தீர்ப்பே சொல்லாது. தூது மட்டும் போகும்.

எல்லாவற்றையும் பாய்க்கு அனுப்பாதீர்கள். இருவர் காய் விடுவது அவர்கள் விஷயம். ஆனால் "அவகூட யாரும் பேசாதீங்க" என்று ஒரு பிள்ளை சொல்ல, பத்துப் பேர் கேட்டு நடந்தால் அது காய் இல்லை, ஊர் விலக்கம். ஊரில் பெரியவர்கள் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைப்பதன் குட்டி வடிவம். அதில் நீங்கள்தான் இறங்க வேண்டும், அதே நாளில். ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப அடிபடுவது, சாதியைச் சொல்லித் திட்டுவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது, இவை எதிலும் 'ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க' என்ற பேச்சே கூடாது. பலம் சமமாக இல்லாத இடத்தில் பாய் போட்டால், பலமுள்ளவன்தான் எழுந்து சிரித்துக்கொண்டு போவான். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

ஆறாம் படி: துடைப்பம் யார் கையில்?

நவம்பரில் ஒருநாள் உங்கள் கிளிப் அட்டையைத் தள்ளி நின்று பாருங்கள். துடைப்பம் பெண் பிள்ளைகளிடமும் மணி ஆண் பிள்ளைகளிடமும் சேர்ந்திருக்கிறதா? தண்ணீர் வாளியில் யார் கை படுகிறது, யார் கை படுவதே இல்லை? கிளிப் தானாக நகர்ந்தாலும், "நீ விடுடா, அவ பெருக்கட்டும்" என்று அவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்வார்கள். வீட்டிலும் தெருவிலும் பார்த்தது.

பதிவேட்டு வரிசை என்று மேலே சொன்னது இதற்காகத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுப்பது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைப்பது போன்ற பரிந்துரைகள் அதில் உண்டு. அவர்கள் மேல்நிலை மாணவர்கள், நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு. ஆனால் யார் யாருக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்ற கணக்கு ஆறு வயதிலேயே சில பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வரிசையை யாருக்காகவும் மீறாதீர்கள். கழிப்பறை சுத்தம் எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல, அட்டையில் அது வரவே கூடாது. துடைப்பத்தில் உங்களுக்கும் ஒரு கிளிப் போடுங்கள். என் கிளிப் வரும் வாரத்தில் வகுப்பு கொஞ்சம் கூடுதலாகக் குப்பை போடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெற்றோர் வருவார்கள். ஒருவர் "எம்பொண்ணை ஏன் பெருக்க விடுறீங்க?" என்பார், இன்னொருவர் "எம்பையன் லீடர் இல்லையா?" என்பார். இருவரையும் அட்டை முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். அடுத்த வாரம் என்ன, அதற்கடுத்த வாரம் என்ன என்று அவர்கள் பிள்ளையே விரல் வைத்துக் காட்டும். நாம் விளக்குவதைவிட அது நன்றாக வேலை செய்கிறது. தலைமையாசிரியருக்குத்தான் ஒரு லீடர் பெயர் கட்டாயம் வேண்டும். பிரேயரில் முன்னால் நிற்க, மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் 'மகிழ் முற்றம்' திட்டத்தின் குழுவுக்கு ஒரு பெயர் எழுத என்று கேட்பார்கள். அந்த வார முறைப்படி ஒரு பெயரைக் கொடுங்கள், வாதம் செய்ய வேண்டாம்.

அரையாண்டுத் தேர்வு சமயத்தில் இந்த ஏற்பாடு குலையும். கிளிப் தொலையும், பாயை எறும்பு பிடிக்கும், நீங்களும் மறந்துவிடுவீர்கள். ஜனவரியில் மறுபடி தொடங்குங்கள். கூடுதலாகப் பத்து கிளிப் வாங்கி வையுங்கள், டஜன் கணக்கில் வாங்கினால் மலிவு.

போன வாரம் வெள்ளிக்கிழமை வட்டத்தில் எந்த வேலையில் பிரச்சினை என்று கேட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது. "கிளிப் மாத்துற வேலையில டீச்சர். ரெண்டு வாரமா யாரும் மாத்தல."

கிளிப் மாற்றுவது என் வேலை. பிள்ளை பெயரைச் சொல்லவில்லை, வேலையைத்தான் சொன்னது. திங்கட்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்பே போய் மாற்றினேன்.